பிரேக் பேட் நானே மாற்றினேன்: லீவர் கல் மாதிரி இருக்கிறது, வண்டி நிற்கவில்லை

கானாடுகாத்தான்_150
ஞாயிறு, இரவு 8.40

வணக்கம். வண்டி 150 சிசி, 2017 மாடல். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் கிடையாது. ஓடியது 41,000 கிலோமீட்டர். தினமும் கோட்டையூர் வழியாகக் காரைக்குடிக்கு வேலைக்குப் போய் வருகிறேன்.

ஒரு மாதமாக முன் பிரேக்கில் கிறீச்சென்று சத்தம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். போன வாரம் சத்தம் மாறி, வெறும் அம்மியில் குழவியை இழுப்பது மாதிரி கரகரவென்று ஆகிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால், டிஸ்கைப் பிடிக்கிற இரண்டு பேடில் ஒன்றில் லைனிங் (உரசித் தேய்கிற பகுதி) சுத்தமாக இல்லை.

கடையில் விடாததற்குக் காரணம் இருக்கிறது. ஒன்றரை வருடம் முன்பு ஒரு கடையில் விட்டேன், பெயர் வேண்டாம். பேட் மாற்றியாச்சு என்று சொல்லிக் காசு வாங்கினார்கள். பழைய பேடைக் கொடுங்கள் என்று கேட்டால் குப்பையோடு போய்விட்டதாம். மாற்றினார்களா இல்லையா என்பது அவர்களுக்கும் பிள்ளையார்பட்டிப் பிள்ளையாருக்கும்தான் தெரியும்.

அதனால் இந்த முறை கம்பெனி பேடே வாங்கி நானே மாற்றினேன். காலையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. பலகை போட்டு வண்டியை வீட்டு முகப்பில் ஏற்றி, அங்கேயே உட்கார்ந்து இரண்டு மணி நேரத்தில் முடித்தேன். மாலையில் ஊருணிக் கரை வரை ஓட்டிப் பார்த்தேன். லீவர் கல் மாதிரி இருக்கிறது. ஆனால் வண்டி அது பாட்டுக்குப் போகிறது! முப்பதில் போய் முழு பலத்தோடு பிடித்தும் நிற்கவில்லை, பின் பிரேக்கை மிதித்துத்தான் நிறுத்தினேன். படித்துறைக்கு நாலு அடி முன்னால் நின்றேன். அங்கே துவைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்ததைத் தனியாகச் சொல்ல வேண்டாம்.

என்ன தப்பு செய்தேன்?

செக்காலை ரோடு
ஞாயிறு, இரவு 9.05

பிரேக் ஆயிலுக்குள் ஏர் பிடித்திருக்கும். வேறு என்ன? காலிப்பரில், அதாவது பேடைப் பிடித்திருக்கும் கூட்டில், இருக்கும் நிப்பிளில் ட்யூப் மாட்டி பிளீட் பண்ணுங்கள், காற்று ஆயிலோடு வெளியே வந்துவிடும், பத்து நிமிட வேலை. நான் இதுவரை மூன்று வண்டிக்குச் செய்திருக்கிறேன்.

இரவுப் பயணி
ஞாயிறு, இரவு 9.22

யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். வீட்டில் செய்கிற வேலை இது இல்லை. ஆயில் மாற்று, செயின் இறுக்கு, பிளக் மாற்று, யார் வேண்டாம் என்றது? பிரேக்கில் விளையாடக் கூடாது. மிச்சம் பிடிப்பது ஒரு இருநூறு ரூபாய் கூலி. இருட்டில் குறுக்கே மாடு படுத்திருக்கிற ரோட்டில் தினமும் வருகிறீர்கள். யோசியுங்கள்.

கானாடுகாத்தான்_150
ஞாயிறு, இரவு 9.30

அண்ணே, கூலிக்காக இல்லை. கூலி கொடுத்துமே மாற்றியிருக்கிறார்களா என்று தெரியவில்லையே, அதுதான் கோபம்.

பழைய ஸ்பேனர், தேவகோட்டை
ஞாயிறு, இரவு 10.15

தம்பி, முதலில் நாளைக்கு அந்த வண்டியை எடுக்காதீர்கள். பஸ்ஸில் போங்கள்.

லீவரிலேயே பாதி விடை இருக்கிறது. காற்று புகுந்திருந்தால் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும், நாலைந்து தடவை அடித்தால் கொஞ்சம் கெட்டியாகும். உங்களுக்குக் கல் மாதிரி இருக்கிறது என்றால் அழுத்தம் பேட் வரைக்கும் ஒழுங்காகப் போய்ச் சேருகிறது, சேர்ந்த இடத்தில் பிடிப்புதான் இல்லை. ஆகவே செக்காலைக்காரர் சொல்கிற பிளீடிங் இப்போது வேண்டாம். நிப்பிளைத் தேவையில்லாமல் திறந்தால் இல்லாத காற்றையும் உள்ளே விட்டுவிடுவீர்கள்.

புதுப் பேட் முதல் நாளே முழுப் பிடி கொடுக்காது, அது உண்மை. ஆனால் பிடி கொஞ்சம் குறைவாக இருப்பது வேறு, வண்டி நிற்காமலே போவது வேறு.

பேடை எங்கே வைத்தீர்கள், எந்தக் கையால் தொட்டீர்கள், டிஸ்கை எதால் துடைத்தீர்கள், கிரீஸ் எங்கெங்கே வைத்தீர்கள்? ஒன்று விடாமல் எழுதுங்கள். பழைய பேட் இரண்டும் எப்படித் தேய்ந்திருந்தன என்பதும் வேண்டும். தூக்கிப் போட்டிருந்தால் போய்ப் பொறுக்கி எடுங்கள்.

கானாடுகாத்தான்_150
திங்கள், காலை 6.50

பழைய பேட் பத்திரமாக இருக்கிறது ஐயா. கடைக்காரரைத் திட்டிவிட்டு நானே எறிவேனா?

ஒன்று, பிஸ்டன் பக்கத்துப் பேட், வெறும் இரும்பு. எதிர்ப் பக்கத்துப் பேடில் இன்னும் 2 மி.மீ. லைனிங் இருக்கிறது, நடுவில் உள்ள தேய்மானக் கோடு கூட லேசாகத் தெரிகிறது.

செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். காலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டைக் கழற்றினேன். பேடைக் கோத்திருக்கும் பேட் பின்னைக் கழற்ற அலன் கீ போட்டால் அசையவில்லை. காலிப்பர் கையில் சுற்றுகிறது, பிடிக்க முடியவில்லை. கடைசியில் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு கழற்றினேன். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே ஹேண்டிலில் உள்ள டப்பாவிலிருந்து பிரேக் ஆயில் பொங்கி வழிந்துவிட்டது. டாங்கில் இரண்டு சொட்டு, தரையில் நாலைந்து. உடனே துடைத்தேன். கிரீஸ் எங்கேயும் வைக்கவில்லை. டிஸ்கைத் துணியால் நன்றாக அழுத்தித் துடைத்தேன், கண்ணாடி மாதிரி பளபளவென்று வந்தது. புதுப் பேடைப் பிரித்துத் தரையில் வைத்துவிட்டு, போய்க் கை கழுவிவிட்டு வந்து மாட்டினேன். கை சுத்தம்தான்.

ஸ்கூட்டர் ஆச்சி
திங்கள், காலை 7.35

டிஸ்க் கண்ணாடி மாதிரி பளபளத்ததா? நல்ல டிஸ்கைத் துடைத்தால் உலர்ந்து, சாம்பல் நிறமாக, மங்கலாகத்தான் இருக்கும். பளபளப்பு எங்கிருந்து வந்தது?

உங்கள் முகப்புத் தரை ஆத்தங்குடிக் கல்தானே? எங்கள் வீட்டிலும் அதேதான். நாள்பட்டால் பூவெல்லாம் மங்கிப் போகும். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால்தான் நிறம் எடுத்துக் கொடுக்கும். வீட்டில் ஏதாவது விசேஷம் வருகிறதா? அம்மாவிடம் அந்தத் துணியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

கானாடுகாத்தான்_150
திங்கள், காலை 8.10

ஆச்சி, உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்.

அடுத்த வாரம் எங்கள் வீட்டில் முன்னோருக்குப் படைப்பு. பங்காளிகள் எல்லாம் சென்னை, கோயம்புத்தூர், மலேசியா என்று இருக்கிறார்கள், அன்றைக்கு மட்டும் வருவார்கள். அதற்காக அம்மா சனிக்கிழமை முகப்பு முழுவதும் எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறார்கள். “தூணுக்குப் பக்கத்தில் கொடியில் கிடந்த மஞ்சள் துணியையா எடுத்தாய்? அது தரைக்கு எண்ணெய் போடுகிற துணியாச்சேடா!” என்றார்கள்.

அந்தத் துணியால்தான் டிஸ்கின் இரண்டு பக்கமும் துடைத்தேன். அந்தத் தரையில்தான் பேடைக் குப்புற வைத்தேன்.

பழைய ஸ்பேனர், தேவகோட்டை
திங்கள், காலை 8.45

முப்பது வருடம் ஸ்பேனர் பிடித்திருக்கிறேன். செயினுக்கு அடிக்கிற ஸ்ப்ரே டிஸ்கில் பட்டு வந்த வண்டி உண்டு. முன் சக்கரத்தைத் தாங்குகிற போர்க்கின் ஆயில் சீல் கசிந்து காலிப்பரில் சொட்டி, பேட் ஊறிப்போய் வந்தது நிறைய. ஒருவர் டிஸ்க் துருப்பிடிக்கிறதே என்று கிரீஸ் பூசிக்கொண்டு வந்தார், அவர் கடை வாசல் வரைக்கும் எப்படி வந்து சேர்ந்தார் என்பது இன்னும் எனக்கு ஆச்சரியம். தேங்காய் எண்ணெய் இதுதான் முதல் தடவை.

ஆச்சிக்கு ஒரு சபாஷ்.

செக்காலை ரோடு
திங்கள், காலை 9.20

சரி, ஏர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதுப் பேடைத் தூக்கிப் போட வேண்டாம். பெட்ரோலில் ஒரு ராத்திரி ஊறப் போட்டு, உப்புத்தாளில் நாலு தேய் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். சிலர் அடுப்பில் காட்டி எண்ணெயை எரித்துவிடுவார்கள்.

புதுவயல் ரைஸ்மில்
திங்கள், காலை 10.40

அடுப்பில் காட்டுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஒருமுறை சூடேற்றி எடுத்த பேடில் லைனிங் ஓரத்தில் இரும்புத் தட்டிலிருந்து விட்டுப் போயிருந்தது. நகத்தை விட்டால் உள்ளே போனது. அதை மாட்டிக்கொண்டு குன்றக்குடிக்குப் போயிருப்பார்.

பழைய ஸ்பேனர், தேவகோட்டை
திங்கள், பகல் 1.30

லைனிங் இரும்பு மாதிரி தெரிந்தாலும் உள்ளே நுண்ணிய ஓட்டை உண்டு, எண்ணெயை உறிஞ்சும். மேலே உப்புத்தாள் போட்டால் மேல் தோல் போகும், உள்ளே போனது அங்கேயேதான் இருக்கும். முதல் நாள் நன்றாகப் பிடிக்கிற மாதிரி இருக்கும். சூடேறச் சூடேற உள்ளே இருக்கிற எண்ணெய் கசிந்து மேலே வரும். அது வருகிற நேரம் நீங்கள் வேகமாகப் போய்ப் பலமாகப் பிடிக்கிற நேரமாகத்தான் இருக்கும். பெட்ரோலில் ஊற வைத்தால் எண்ணெயைக் கரைத்து இன்னும் ஆழத்துக்கு அனுப்புவீர்கள். வேறு புதுப் பேட் வாங்குங்கள் தம்பி. வலிக்கும், தெரியும்.

டிஸ்க் பிரச்சினையே இல்லை, அது இரும்பு. பிரேக் கிளீனர் அடித்துப் புதுத் துணியால் துடையுங்கள். இல்லாவிட்டால் பாத்திரம் விளக்குகிற சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை கழுவி, காயவிட்டு, அப்புறம் உப்புத்தாளால் லேசாக வட்ட வட்டமாகத் தேய்த்துவிடுங்கள். ஆச்சி சொன்ன சாம்பல் நிறம் வர வேண்டும். துடைக்கிற துணியும் முக்கியம். பனியன் வேஸ்ட் கால் கிலோ வாங்கி வையுங்கள். ஒருமுறை தொட்ட துண்டை மறுபடி எடுக்காதீர்கள்.

இன்னொன்று. ஒரு பேட் இரும்பு வரைக்கும் தேய்ந்து, எதிர்ப் பேடில் 2 மி.மீ. மிச்சம் என்றீர்களே, அதை யாரும் கவனிக்கவில்லை. எனக்கு எண்ணெயைவிட அதுதான் பெரிய விஷயம்.

உங்கள் காலிப்பரில் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கிறது. பிஸ்டன் தன் பக்கத்துப் பேடைத் தள்ளும். தள்ளியதும் காலிப்பர் மொத்தமும் எதிர்த்திசையில் நகர்ந்து, அந்தப் பக்கத்துப் பேடையும் இழுத்து டிஸ்கில் ஒட்ட வைக்கும். அப்படி நகர்வதற்கென்று இரண்டு வழுக்குப் பின்கள் இருக்கின்றன, மேலே ரப்பர் உறை போட்டு. அந்தப் பின் இறுகிவிட்டால் காலிப்பர் நகராது. பிஸ்டன் பக்கத்துப் பேடே எல்லாச் சுமையையும் தாங்கும், அதுவே தேயும். நம் ஊர்ச் செம்மண் புழுதி ரப்பர் உறைக்குள் புகுந்து, மழையில் நனைந்து, காய்ந்து, பின்னைச் செங்கல் மாதிரி பிடித்துவிடும். அதை விட்டுவிட்டுப் புதுப் பேட் மட்டும் போட்டால் இதே தேய்மானம் திரும்ப வரும்.

பின்னை உருவித் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டுங்கள். சக்கரத்துக்கு வைக்கிற சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். மாட்டியபின் காலிப்பரை விரலால் தள்ளினால் முன்னும் பின்னும் தாராளமாக நகர வேண்டும்.

புதுவயல் ரைஸ்மில்
திங்கள், பகல் 2.15

காரைக்குடியில் துருவைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற செக்ரி என்ற மத்திய அரசு நிலையத்தை வைத்துக்கொண்டு, பதினைந்து கிலோமீட்டர் தள்ளி நம் பின்கள் இறுகிக் கிடக்கின்றன. என்ன சொல்ல.

ஆயில் பொங்கியதைப் பற்றி நான் சொல்கிறேன். டப்பா ஏன் வழிந்தது? பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அதன் பின்னால் இருக்கிற இடத்தை ஆயில் நிரப்பும், டப்பாவில் மட்டம் இறங்கும். நடுவில் யாரோ ஒருவர் மட்டம் குறைகிறதே என்று மேலே ஊற்றி நிரப்பியிருக்கிறார். இப்போது பிஸ்டனை உள்ளே தள்ளியதும் அந்த ஆயில் எல்லாம் திரும்பி வந்தது. நீங்கள் ஊற்றவில்லை என்றால், பேட் மாற்றியதாகச் சொன்ன கடைதான் மாற்றாமல் ஊற்றி வைத்திருக்கும். டப்பா கண்ணாடியில் மட்டம் இறங்கினால் முதலில் பேடைத்தான் பார்க்க வேண்டும், பாட்டிலைத் திறக்கக் கூடாது.

கானாடுகாத்தான்_150
திங்கள், மாலை 6.05

நான் ஒரு சொட்டுக் கூட ஊற்றியதில்லை. இப்போது புரிகிறது. கூடவே வயிறு எரிகிறது.

இரவுப் பயணி
திங்கள், மாலை 6.40

அதற்காக எல்லாக் கடையையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் போட்டது கடைக்காரர் இல்லை.

ஸ்கூட்டர் ஆச்சி
திங்கள், மாலை 7.10

ஹா ஹா. அதுவும் சரிதான்.

தம்பி, டாங்கில் விழுந்த பிரேக் ஆயிலைத் துடைத்ததோடு விட்டீர்களா? அது பெயிண்டைத் தின்றுவிடும். நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், தண்ணீரில் கரையக்கூடியதுதான். என் ஸ்கூட்டர் முன்மூக்கில் அப்படி ஒரு பொட்டு இருக்கிறது. என் வீட்டுக்காரர் அதைத் திருஷ்டிப் பொட்டு என்பார்.

புதுவயல் ரைஸ்மில்
திங்கள், இரவு 8.30

ஆயில் பேச்சு வந்ததால் ஒன்று. எந்த ரக ஆயில் என்று டப்பா மூடியிலேயே டாட் 3, டாட் 4 என்று போட்டிருக்கும், அதையே ஊற்றுங்கள். டாட் 4 புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சரக்கு அது, ஈரம் ஏறியபின் 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3 இன்னும் கீழே, புதிதில் 205, ஈரம் ஏறினால் 140. ஆயில் கொதித்தால் குமிழி வரும், அப்போதுதான் லீவர் பஞ்சாகும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். பாதி தீர்ந்து அலமாரியில் இரண்டு வருடம் கிடந்த பாட்டிலை ஊற்றாதீர்கள். டாட் 5 என்று ஒன்று உண்டு, அது சிலிக்கான், வேறு சாதி. இதோடு கலக்கவே கூடாது. பெயர் வரிசையைப் பார்த்து 4-ஐவிட 5 உயர்ந்தது என்று வாங்கி வந்து நின்றவரை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கானாடுகாத்தான்_150
செவ்வாய், இரவு 9.00

புதுப் பேட் வாங்கியாச்சு. சிலிக்கான் கிரீஸ் காரைக்குடியில் நாலு கடை ஏறி இறங்கி, கடைசியில் கார் உதிரிபாகம் விற்கிற கடையில் சின்னப் பாக்கெட் கிடைத்தது. புதன் எனக்கு விடுமுறை. காலையில் உட்காருகிறேன். ஐயா, போன தடவை அந்தப் பேட் பின் கழற்றவே அரை மணி நேரம் ஆனது. அதற்கு ஏதாவது வழி?

பழைய ஸ்பேனர், தேவகோட்டை
செவ்வாய், இரவு 9.40

காலிப்பர் போர்க்கில் மாட்டியிருக்கும்போதே பேட் பின்னைத் தளர்த்திவிட வேண்டும். போர்க்கே உங்களுக்கு வைஸ் மாதிரி பிடித்துக் கொடுக்கும். கால் திருப்பு போதும், கழற்ற வேண்டாம். அப்புறம் காலிப்பரை இறக்குங்கள். சில வண்டியில் பின் தலைக்கு மேல் ஒரு சின்ன மூடித் திருகு இருக்கும், தட்டை ஸ்க்ரூடிரைவர் போட்டு அதை முதலில் எடுக்க வேண்டும். அலன் கீயை உள்ளே முழுதாகத் தட்டி உட்கார வைத்துத் திருப்புங்கள். அரைகுறையாகப் போட்டுத் திருப்பினால் ஆறு மூலை வட்டமாகிவிடும், அப்புறம் வெல்டிங் கடைக்குப் போக வேண்டியதுதான்.

டப்பா மூடியின் இரண்டு திருகும் அப்படித்தான், மெழுகு மாதிரி மென்மை. பொருந்துகிற ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள்.

இறக்கிய காலிப்பரை ஹோஸில் தொங்க விடாதீர்கள். ஒரு கயிற்றால் ஹேண்டிலில் கட்டுங்கள். பிஸ்டனைத் தள்ளுவதற்கு முன் அதன் வெளிப்பக்கத்தைப் பழைய பல் துலக்கும் பிரஷ், சோப்புத் தண்ணீர் வைத்துச் சுத்தம் செய்யுங்கள். அதில் ஒட்டியிருக்கும் செம்மண்ணோடு உள்ளே தள்ளினால் சீலைக் கிழிக்கும். பெட்ரோல், டீசல் அந்த ரப்பர் பக்கமே வரக் கூடாது. தள்ளுவதற்குப் பழைய பேடையே பிஸ்டன் மேல் வைத்துக் கட்டை விரலால் மெதுவாக அழுத்துங்கள். டப்பாவைப் பார்த்துக்கொண்டே தள்ளுங்கள், மட்டம் ஏறினால் சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். காலிப்பர் வெளியே இருக்கும்போது யாரும் லீவரைப் பிடிக்கக் கூடாது, வீட்டில் குழந்தை இருந்தால் முதலில் அதை உள்ளே அனுப்புங்கள். பிஸ்டன் வெளியே குதித்துவிட்டால் அன்றைய பொழுது போச்சு.

உள்ளே ஒரு மெல்லிய தகடு ஸ்பிரிங் இருக்கும், பேடை ஆடாமல் பிடிப்பதற்கு. எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் இதைத் தலைகீழாக மாட்டி இரண்டு தடவை திட்டு வாங்கியிருக்கிறேன். டிஸ்கில் குறைந்தபட்சக் கனம் எவ்வளவு என்று பொறித்திருக்கும், அதையும் அளந்து பாருங்கள். இரும்பும் இரும்பும் உரசி ஓடியிருக்கிறது, நகம் வைத்து இழுத்தால் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் சொல்லுங்கள். போல்ட் எல்லாம் மேனுவலில் போட்டிருக்கிற டார்க்குக்கு, அதாவது முறுக்கு அளவுக்கு, முறுக்குங்கள். பலம் இருக்கிறதே என்று முறுக்காதீர்கள், அங்கே இருப்பது அலுமினிய மரை.

கடைசியாக, வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுப்பதற்கு முன் லீவரை அடியுங்கள். முதல் நாலைந்து தடவை ஒன்றுமே இருக்காது, ஹேண்டில் வரைக்கும் வந்து ஒட்டும். அப்புறம்தான் பிஸ்டன் வெளியே வந்து பேட் டிஸ்கைத் தொடும். பேட் மாற்றிவிட்டு இதை மறந்து வண்டியை எடுத்து, முதல் பிரேக்கே இல்லாமல் எதிர் வீட்டுச் சுவரில் மோதியவர்கள் இருக்கிறார்கள். நல்ல மெக்கானிக்குகளும் அதில் உண்டு.

செக்காலை ரோடு
செவ்வாய், இரவு 10.05

ஐயா, அந்த நல்ல மெக்கானிக் யாரோ?

பழைய ஸ்பேனர், தேவகோட்டை
செவ்வாய், இரவு 10.20

அந்தச் சுவர் இன்னும் இருக்கிறது. வேறு கேள்வி கேளுங்கள்.

கானாடுகாத்தான்_150
புதன், பகல் 1.50

முடிந்தது. இந்த முறை முகப்பு வேண்டாம் என்று தெருவில் வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து, அதன் மேல் தினசரித்தாள் விரித்து உட்கார்ந்தேன். அம்மாவுக்கும் அதுதான் நிம்மதி.

பேட் பின் நீங்கள் சொன்னபடியே ஒரு திருப்பில் தளர்ந்தது. வழுக்குப் பின்கள் இரண்டில் மேல் பின் வரவே இல்லை. காலிப்பரையும் அதன் தாங்கியையும் இரண்டு கையில் பிடித்து, பாட்டில் மூடி திருகுவது மாதிரி முன்னும் பின்னும் அசைத்து அசைத்து, கால் மணி நேரம் கழித்து ‘ப்ளக்’ என்று வந்தது. உள்ளே கிரீஸ் என்று ஒன்றும் இல்லை. பாதிப் பின் வரைக்கும் சிவப்பாகப் பாறை. கத்தியால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது, ஈரமான செம்மண் வாசனை. ரப்பர் உறையில் முடி அளவுக்கு ஒரு கீறல், அதன் வழியாகத்தான் போயிருக்கிறது. உறை இன்றைக்குக் கிடைக்கவில்லை, ஆர்டர் சொல்லியிருக்கிறேன். பின்னை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, கிரீஸ் தடவி மாட்டினேன். இப்போது ஒரு விரலால் தள்ளினால் காலிப்பர் நகர்கிறது. போன ஞாயிறு அது நகர வேண்டிய சாமான் என்பதே எனக்குத் தெரியாது.

டிஸ்கில் குறைந்தபட்சக் கனம் 3.5 மி.மீ. என்று பொறித்திருக்கிறது. நண்பனின் வெர்னியர் அளவுகோலில் அளந்தால் 3.8. கோடுகள் இருக்கின்றன, நகம் மாட்டவில்லை.

லீவர் ஆறாவது அடியில் கெட்டியானது. எண்ணினேன். ஊருணிக் கரையில் மறுபடி பார்த்தேன், பிடிக்கிறது. பிடி கொஞ்சம் மரக்கட்டை மாதிரி இருக்கிறது, ஆனால் நிற்கிறது.

பழைய ஸ்பேனர், தேவகோட்டை
புதன், பகல் 2.30

3.8 இருந்தால் இன்னும் ஓடும். அடுத்த பேடுக்கு மறுபடி அளந்து பாருங்கள்.

மரக்கட்டை மாதிரி இருப்பது சரியாகிவிடும். பேடும் டிஸ்கும் இன்னும் மேடு மேடாகத்தான் தொட்டுக்கொண்டிருக்கின்றன. செட்டிநாடு ஸ்டேஷன் பக்கம் ரோடு காலியாக இருக்கிற நேரம் போய், ஐம்பதில் போய்ப் பத்துக்கு இறங்குகிற மாதிரி நிதானமாகப் பிடியுங்கள். முழுதாக நிறுத்தாதீர்கள். நடுவில் அரைக் கிலோமீட்டர் சும்மா ஓட்டி ஆற விடுங்கள். பத்துப் பன்னிரண்டு தடவை போதும். அதற்கப்புறமும் முதல் இருநூறு கிலோமீட்டருக்குச் சட்டென்று ஓங்கிப் பிடிக்க வேண்டாம், அவசரம் வந்தால் தவிர. ஆரம்பத்திலேயே ஓங்கிப் பிடித்துச் சூடேற்றினால் லைனிங் மேல் கண்ணாடி மாதிரி ஒரு படலம் கட்டி, மறுபடி கிறீச் ஆரம்பிக்கும்.

இரவுப் பயணி
புதன், மாலை 5.15

தம்பி ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார், அதை மறுக்கவில்லை. ஆனாலும் இங்கே ஒரு ஆச்சியும் முப்பது வருட மெக்கானிக்கும் இருந்ததால்தான் சரியாக முடிந்தது. தனியாக இருந்தால் அந்த எண்ணெய்ப் பேடோடு இன்னும் பிளீட் பண்ணிக்கொண்டிருப்பார். என் கருத்தில் மாற்றம் இல்லை.

செக்காலை ரோடு
புதன், மாலை 5.25

பிளீட் பண்ணச் சொன்னது நான். அதற்காக இன்னும் எத்தனை நாள் அடிப்பீர்கள்?

ஸ்கூட்டர் ஆச்சி
புதன், மாலை 6.00

என் சந்தேகம் ஒன்று. என் ஸ்கூட்டர் 110 சிசி, இரண்டு பக்கமும் டிரம். இடது லீவரைப் பிடித்தால் முன்னும் பின்னும் சேர்ந்து பிடிக்கிற வகை. 125 சிசி வரைக்கும் பெரும்பாலும் அப்படித்தானே வருகிறது. பின் சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே ஒரே கறுப்புத் தூசி. ஏர் அடித்துச் சுத்தம் செய்யலாமா?

பழைய ஸ்பேனர், தேவகோட்டை
புதன், மாலை 6.45

ஏர் வேண்டாம் ஆச்சி. வாயால் ஊதவும் வேண்டாம். நாங்கள் அந்தக் காலத்தில் டிரம்மைத் திறந்ததும் முகத்துக்கு நேரே வைத்து ‘பூ’ என்று ஊதுவோம், அன்றைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஊதியதெல்லாம் எங்கே போனது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியை ஒரு கவரில் போட்டுக் கட்டி எறியுங்கள். ஷூ தேய்மானத்துக்கு டிரம்மைத் திறக்கவே வேண்டாம், வெளியே பிரேக் கை பக்கத்தில் ஒரு அம்புக்குறி இருக்கும். பிரேக்கைப் பிடிக்கும்போது அது கடைசிக் கோட்டைத் தாண்டினால் மாற்றுங்கள்.

கானாடுகாத்தான்_150
வியாழன், இரவு 8.20

இன்று காரைக்குடி போய் வந்தேன். வரும்போது கோட்டையூர் தாண்டி ஒரு ஆடு, அதன் பின்னால் இரண்டு குட்டி. இரண்டு விரலால்தான் பிடித்தேன். நின்றது. குட்டிகள் நடு ரோட்டில் நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போயின.

எண்ணெய் குடித்த பேட் இரண்டையும் பழைய பேடோடு சேர்த்து ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். அந்தக் கடைப் பக்கம் போகும்போது காட்ட வேண்டும் என்று ஆசை, போவேனா தெரியவில்லை.

இப்போது வீட்டில் வேறு பிரச்சினை. ஞாயிறு அன்று பிரேக் ஆயில் சொட்டிய இடத்தில் கல் மங்கிப் போய் நாலு வட்டம் நிற்கிறது, பச்சைப் பூவுக்கு நடுவில் சரியாக. எண்ணெய் போட்டாலும் எடுபடவில்லை. படைப்புக்கு ஆறு நாள்தான் இருக்கிறது. பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான முகப்பு, பெரியப்பா கண்ணில் முதலில் அதுதான் படும். ஆச்சி, இதற்கு ஏதாவது கைவசம் உண்டா?

ஸ்கூட்டர் ஆச்சி
வியாழன், இரவு 8.45

அன்றைக்கு அந்த இடத்தில் ஜமுக்காளத்தை விரியுங்கள்.